கோடை விடுமுறைக் கூட்டத்தில் எழும்பூர் மியூசியம்: பிள்ளைகளோடு போய்வருவது எப்படி

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாது. 1851-ல் தொடங்கிய இடம். பதினாறு ஏக்கர் வளாகம், ஆறு கட்டடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். சித்தி வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளைகளையும் சேர்த்து ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு, “வந்தது வந்தோம், எல்லாத்தையும் காட்டிடலாம்” என்று கிளம்புகிறவர்கள்தான் பகல் பன்னிரண்டு மணிக்கு வாசற்படியில் அழுகிற குழந்தையோடு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று கூடம், இரண்டு மணி நேரம், பிறகு வெளியே. இதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். உள்ளே போனபின் முடிவுசெய்யக் கூட்டம் விடாது.

முதலில் நாள். வெள்ளிக்கிழமை மியூசியம் கிடையாது. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் வார விடுமுறை என்பதால், இங்கும் அப்படித்தான் என்று நினைத்து வெள்ளியன்று வந்து பூட்டிய கேட்டைப் பார்ப்பவர்கள் உண்டு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற தேசிய விடுமுறைகளிலும் மூடியிருக்கும். சனி, ஞாயிறு நெரிசல் சொல்லவே வேண்டாம். காணும் பொங்கலன்று கைக்குழந்தையோடு இந்தப் பக்கம் வராதீர்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள், காலை 9.30 மணிக்குக் கதவு திறக்கும்போது கவுண்டரில் நிற்பதுதான் சரி. வெளியூர்ச் சுற்றுலா பஸ்கள் வந்து சேர்ந்து வரிசை நீள்வதற்குள் உங்கள் வேலை பாதி முடிந்திருக்கும். மாலையில் போகலாம் என்று நினைத்தால், மூடுவது 5 மணிக்கு என்றாலும் டிக்கெட் தருவதை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கார் வேண்டாம். பாந்தியன் சாலையில் வண்டியை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ஒரு கூடத்தைப் பார்த்துவிடலாம். மின்சார ரயிலோ மெட்ரோவோ பிடித்து எழும்பூரில் இறங்குங்கள். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஆனால் கத்திரி வெயிலில், ஏழு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், ஆட்டோவே மேல். நடந்து களைத்த கால்களோடு உள்ளே நுழைந்தால் முதல் கூடத்திலேயே “தூக்கு” என்று ஆரம்பித்துவிடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு சிறு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, கெட்டி அட்டை நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மை எங்கே படும் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கு எண்ணெய் விட்டுப் பொடி தடவிய இட்லி நல்லது. கை அதிகம் ஒட்டாது, மதியம் வரை கெடாது. தேங்காய்ச் சட்னி மே மாதத்தில் பத்து மணிக்கே புளித்துவிடும். சாப்பாட்டைக் காட்சிக்கூடத்துக்குள் பிரிக்கக் கூடாது. வெளியே மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி படிக்கட்டுகளில் பெரும் தொல்லை, கைக்குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொள்வது எளிது. பின்பட்டி உள்ள செருப்பாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள். கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தேடிக் குனிவதைப் போல ஆபத்து வேறில்லை.

பிள்ளை தொலைந்து போவதுதான் எல்லாருக்கும் உள்ள பயம். கிளம்புமுன் ஒவ்வொரு பிள்ளையையும் அன்றைய உடையோடு முழு உருவமாக போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் “என்ன கலர் சட்டை?” என்று கேட்டால் பெற்ற தாய்க்கே மறந்துபோகும். உங்கள் போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கால்சட்டைப் பையில் வையுங்கள். முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும், மார்க்கரால் எழுதினால் நிற்கும். ஆனால் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைத் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் இரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர். “எல்லாரும் பார்த்துக்கறோம்” என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எந்தப் பெரியவர் எந்தப் பிள்ளைக்கு என்று பேர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். தாத்தா பாட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்களுக்கும் உட்கார இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: காணோம் என்றால் தேடாதே, நின்ற இடத்திலேயே நில். பெரியவர்களில் ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்துக்கும், இன்னொருவர் அந்தக் கட்டடத்தின் வாசலுக்கும் போக வேண்டும். போகிற வழியிலேயே காவலரிடம் சொல்லிப் படத்தைக் காட்டிவிடுங்கள். நாமே தேடிக்கொள்ளலாம் என்று தயங்குவதில்தான் நேரம் போகிறது. போலீசுக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

டிக்கெட் வாங்கும்போதே இன்று எந்தெந்தக் கூடம் மூடியிருக்கிறது என்று கேளுங்கள். பராமரிப்புக்காக ஏதாவது ஒன்று பூட்டியே கிடக்கும். திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டுகிறேன் என்று ஒரு வாரமாக ஆசைகாட்டிவிட்டுப் பூட்டிய கதவின் முன் நிற்பது பெரிய சோதனை. அதனால் மாற்றாக இன்னொரு கூடத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடலாம். பிறகு எல்லாரும் ஒருமுறை கழிப்பறை. “வரலை” என்கிறவனையும் சேர்த்து.

கூட்டம் பெரும்பாலும் வாசலுக்கு அருகில் உள்ள கட்டடத்தில் தொடங்கும். நீங்கள் நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். பிள்ளைகள் அமைதியாக இருக்கும் நேரம் முதல் அரைமணிதான், அதை இங்கே செலவழிப்பதே லாபம். எல்லாச் சிலையும் வேண்டாம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைக் காட்டிக் கையை எண்ணச் சொல்லுங்கள். மூன்றுதான் வரும்: சிவன் பாதிக்கு இரண்டு, அம்மன் பாதிக்கு ஒன்று. திருவாலங்காட்டு நடராசரின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் குள்ள அசுரன் முயலகனைத் தேடச் சொல்லலாம். பிறகு எந்தெந்த நடராசருக்குத் திருவாசி, அதாவது சுற்றிலும் நெருப்பு வளையம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்க்கட்டும். பீடங்களில் வளையமும் துளையும் இருப்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். கழி செருகித் திருவிழாவில் வீதியுலா தூக்கிப்போவதற்காக வைத்தவை அவை. இது தெரிந்தவுடன் பிள்ளைகள் ஒவ்வொரு பீடமாகக் குனிந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். விளக்கப் பலகைகளை உரக்கப் படித்துக்காட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பின்னால் நிற்கிறவர்களுக்கு வழி மறிக்கும், பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாவது, அமராவதிச் சிற்பங்கள், ஆந்திராவில் இருந்த பழைய பௌத்தத் தூபியின் கற்கள். நிற்க வேண்டியது ஒரே ஒரு வட்டக் கல்லின் முன்: நளகிரி யானை. ஒரு பக்கம் மதம்பிடித்துத் தெருவில் ஆளைத் தூக்கி எறிகிறது, மறுபக்கம் அதே யானை புத்தர் முன் மண்டியிட்டுக் கிடக்கிறது. இரண்டு காட்சியும் ஒரே கல்லில் இருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை சொல்லிவிடாதீர்கள். மாடி ஜன்னலில் இருந்து எட்டிப்பார்ப்பவர்களையும் எண்ணலாம். தொடக் கூடாது என்பதற்குக் காரணம் சொன்னால் கேட்பார்கள்: கையின் வியர்வையும் எண்ணெயும் படிந்து படிந்து கல் கறுத்துவிடும். பெரிய பிள்ளைகள் இருந்தால் ஆதிச்சநல்லூரின் பழங்காலப் புதைகுழிகளில் கிடைத்த பொருட்களும், வெள்ளைக்கார நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த ஆதிமனிதர்களின் கற்கருவிகளும் நன்றாக இழுக்கும். அவர் 1863-ல் கற்கோடரி கண்டெடுத்தது நம் பல்லாவரத்தில்தான், மின்சார ரயில் நிற்கிற அதே பல்லாவரம்.

இங்கே வரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். வெளியே வந்து தண்ணீர், இட்லி, இருபது நிமிடம் ஓய்வு. வளாகத்தில் வைத்திருக்கும் பீரங்கிகளைப் பார்த்தபடி ஓடட்டும், அடக்க வேண்டாம்.

மூன்றாவது கூடத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். சிறுவர் அருங்காட்சியகமோ விலங்கியல் பகுதியோ, இரண்டும் கடைசியில்தான். சிறுவர் பகுதியை முதலில் காட்டிவிட்டால் அதன்பின் கற்சிலைக்கு எந்தப் பிள்ளையும் வராது. உயிரினங்களைப் பார்க்கப் போகும்போது குட்டிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே, “இதெல்லாம் அசையாது, பாடம் பண்ணி வெச்சது” என்று சொல்லிவிடுங்கள். சென்னைக்காரர்கள் இந்த இடத்தைச் செத்த காலேஜ் என்று சும்மாவா சொன்னார்கள். சொல்லாமல் கூட்டிப்போனால் மூன்று வயதுக்காரி கண்ணாடிப் பெட்டிக்குள் பல்லைக் காட்டும் விலங்கைப் பார்த்து அலறுவாள், அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். நெரிசலான பெட்டிக்கு முன் சின்னவரை முன்னால் விட்டு, தோளில் கைவைத்துப் பின்னால் நில்லுங்கள். தோளில் தூக்கிவைத்தால் பின்னால் இருக்கிற பத்துப் பேருக்கு மறைக்கும்.

ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டால், அல்லது அண்ணன் தம்பிக்குள் இரண்டாவது சண்டை வந்துவிட்டால், பாக்கி எவ்வளவு இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். சமாதானப்படுத்தி இழுத்துப்போகும் கடைசி அரைமணியில்தான் கை நழுவுவதும் அடிபடுவதும். கிளம்புமுன் இன்னொரு முறை கழிப்பறை, பாட்டில்களில் தண்ணீர், தலை எண்ணிக்கை. ஆட்டோவைக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று பேரம் பேசாமல், நிழலில் இருந்தபடியே போனில் அழைத்துவிட்டு, வந்து நின்றபின் பிள்ளைகளை வெளியே கூட்டிவாருங்கள்.