லீடர்ஷிப் கேம்ப்ல சேரப் போறீங்களா, ஃபார்ம் ஃபில் பண்றதுக்கு முன்னாடி இத படிங்க

மொதல்ல ஒண்ணு தெளிவாகிக்கணும், ட்ரெக்கிங் டூர் வேற லீடர்ஷிப் ப்ரோக்ராம் வேற. டூர்ல கைடு முன்னாடி போவாரு நாம பின்னாடியே போவோம், டென்ட்ட அவங்களே போட்டு வச்சிருப்பாங்க. இங்க மேப் உங்க கைல இருக்கும், எந்தப் பக்கம் திரும்பணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும், தப்பா திரும்பினாலும் ஆபத்து இல்லாத வரைக்கும் இன்ஸ்ட்ரக்டர் வாயத் தொறக்க மாட்டாரு. அதனால எங்க சேர்றதா இருந்தாலும் நீங்க கேக்க வேண்டிய மொத கேள்வி, "ஒரு நாள்ல பசங்க தாங்களா எடுக்கற முடிவு என்னென்ன?" பதில் மழுப்பலா வந்தா வேற எடம் பாருங்க.

இது புதுசா வந்த ஐடியாவும் இல்ல. 1907ல இங்கிலாந்துல இருக்கற பிரவுன்சீ தீவுல, ஸ்கவுட் இயக்கத்த ஆரம்பிச்ச பேடன் பவல் மொத ஸ்கவுட் கேம்ப் நடத்துனப்பவே பசங்கள 4 பேட்ரோலா, அதாவது சின்னச் சின்ன குழுவா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பையனதான் லீடரா போட்டாரு. இந்த மாதிரி ப்ரோக்ராம் நடத்தற அவுட்வர்ட் பவுண்ட் 1941ல வேல்ஸ்ல ஆரம்பிச்சது, நோல்ஸ்ங்கற (NOLS) அமெரிக்க ஸ்கூல் 1965ல பால் பெட்ஸோல்ட் ஆரம்பிச்சது, ரெண்டுலயும் பல நாள் காட்டுலயும் மலையிலயும் இருக்கணும். அவ்ளோ நாள் ஒரேயடியா முடியாதுன்னா 1956ல தொடங்குன டியூக் ஆஃப் எடின்பர்க் அவார்ட் மாதிரி ஒண்ணு ஒத்து வரும், 14 வயசுல ப்ரான்ஸ், அதாவது வெண்கல லெவல்ல ஆரம்பிச்சு சில்வர், கோல்டுன்னு ஏறலாம், பயணம் மட்டும் இல்லாம சமூக சேவை, உடற்பயிற்சி, ஒரு திறமைய வளக்கறதுன்னு மாசக்கணக்கா ஓடும்.

ஃபீஸ் ஜாஸ்தியா தெரிஞ்சா ஸ்காலர்ஷிப் இருக்கான்னு கேளுங்க, கூச்சமே வேணாம், பேக், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் இரவல் குடுப்பாங்களான்னும் கேட்டுக்கோங்க. வீட்ல பயப்படுவாங்க, அது நியாயம்தான், அவங்களுக்காக இன்ஸ்ட்ரக்டர் எத்தன பேரு, காட்டுல அடிபட்டா பாக்கற முதலுதவி ட்ரெய்னிங் எடுத்திருக்காங்களா, சிக்னல் இல்லாத எடத்துல யாருக்காவது முடியலன்னா எப்படி வெளிய கொண்டு வருவீங்கன்னு எழுதிக் கேட்டு வாங்கிக் காட்டுங்க.

அப்ளிகேஷன்ல ஏன் சேரணும்னு எழுத சொன்னா மெடல் லிஸ்ட் போடாதீங்க. நாலு பேரோட சேர்ந்து ஏதோ ஒண்ணு செஞ்சு அது சொதப்பி, அப்புறம் நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதுங்க, படிக்கறவங்க தேடறது அதத்தான்.

மெடிக்கல் ஃபார்ம்ல மட்டும் தயவு செஞ்சு எதையும் மறைக்காதீங்க. நான் உதவிக்கு போயிருந்த ஒரு பேட்ச்ல ஒரு தம்பி, சேத்துக்க மாட்டாங்களோன்னு பயந்து ஆஸ்துமாவ எழுதாம விட்டுட்டான், மூணாவது நாள் குளிர் காத்துல ஏத்தம் ஏறறப்போ இழுக்க ஆரம்பிச்சிருச்சு, இன்ஹேலர் எங்கடான்னா பேக்கோட அடியில, ஸ்லீப்பிங் பேக்குக்கும் கீழ. எல்லாத்தையும் பாறை மேல கொட்டி அத எடுக்கறதுக்குள்ள எங்களுக்கு உயிரே போயிருச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒண்ணு அவன் சட்டைப் பையிலயும் இன்னொண்ணு இன்ஸ்ட்ரக்டர் கிட்டயும் இருந்திருக்கும், அவ்ளோதான் விஷயம்.

ஒடம்ப தயார் பண்ண ஒரு ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. பேக்ல தண்ணி பாட்டில் அடுக்கி படி ஏறுங்க, ஒரு லிட்டர் ஒரு கிலோ, வாரா வாரம் ஒண்ணு ஒண்ணா கூட்டுங்க, மூட்டு வலிக்கற மாதிரி இருந்தா மேல போனதும் தண்ணிய செடிக்கு ஊத்திட்டு வெறும் பேக்கோட எறங்குங்க. ஷூவ கெளம்பற அன்னைக்கு புதுசா போடவே போடாதீங்க, இந்த படிப் பயிற்சிலயே போட்டு பழகிடணும். நடக்கறப்போ குதிகால்ல சுருக்குன்னு சூடா உரசுனா, மத்தவங்க நிக்கணுமேன்னு யோசிக்காம அப்பவே நிறுத்த சொல்லி டேப் ஒட்டுங்க, கொப்புளம் ஆனப்புறம் அந்த வாரமே போச்சு. காட்டன் துணி நனஞ்சா சீக்கிரம் காயாது ஒடம்பு ஜில்லிட்டுரும், கம்பளி இல்லன்னா சிந்தெடிக் எடுத்துக்கோங்க.

அப்புறம் யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம், டாய்லெட். தண்ணிலேர்ந்து ஒரு 60 மீட்டர் தள்ளிப் போய் 15லேர்ந்து 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு குழி தோண்டி, முடிச்சதும் மண்ணப் போட்டு மூடணும், மொத நாள்தான் கஷ்டம்.

அங்க போனதும் தினம் ஒருத்தர் அன்னைக்கு லீடர்னு முறை போடுவாங்க. மொத நாளே நான்னு குதிக்க வேணாம், ரெண்டு நாள் மத்தவங்கள கவனிச்சிட்டு கை தூக்குங்க. நான் பாத்ததுலயே நல்லா பண்ணுன ஒரு பொண்ணு, ஓடை ரெண்டா பிரியற எடத்துல மேப்ப தரைல விரிச்சு, "எனக்கு சந்தேகமா இருக்கு, எல்லாரும் வந்து பாருங்க"ன்னு சொல்லி ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டு, கடைசில "சரி இடது பக்கம்"னு சட்டுன்னு எழுந்துட்டா, அதுக்கப்புறம் யாரும் முணுமுணுக்கல. உங்க முறை வர்றப்போ மெதுவா நடக்கறவங்கள வரிசைல முன்னாடி விடுங்க, கடைசில விட்டா அவங்க வந்து சேர்றப்போ மத்தவங்க ரெஸ்ட் முடிச்சு கெளம்பிருவாங்க, அவங்களுக்கு உக்காரவே நேரம் கெடைக்காது.