பழைய ரம்பத்திலிருந்து ஒரு காய்கறிக் கத்தி

வீட்டில் கத்தி செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உலையை மறந்துவிடுங்கள் என்பதுதான். எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றுவது தனி வித்தை. மரம் அறுக்கும் பழைய கைரம்பத்தில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. வளைத்துவிட்டால் நேராகத் திரும்பும், அரத்துக்கு மசியும், தீட்டிய கூர்மையும் நிலைக்கும். தகடு ஏறக்குறைய 1 மி.மீ. கனம்தான். வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் இந்த மெல்லிய தகடு அருமையாக இருக்கும். எலும்புக்கு ஆகாது.

அட்டையில் வடிவம் வரையுங்கள்: அலகு 15 செ.மீ., பிடிக்குள் போகும் பகுதி 11 செ.மீ. அலகின் அகலம் 4 செ.மீ. இருக்கட்டும், குறைந்தால் நறுக்கும்போது விரல் முட்டி பலகையில் இடிக்கும். பல்வரிசையை ஒதுக்கிவிட்டுத் தகட்டில் வரைந்து, பொடிப்பல் ஹாக்சா பிளேடால் அறுங்கள். உலோகம் தேய்க்கும் கிரைண்டர் இயந்திரம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இங்கேதான் பலருடைய கத்தி கெடுகிறது. வெறுங்கையால் தொட முடியாத சூடு ஏறும் முன்பே தண்ணீரில் முக்குங்கள். ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிருக்கலாம். அதை அரத்தால் தேய்த்து நீக்கிவிடுங்கள். கண்ணாடி அணியாமல் கிரைண்டரைத் தொடவே வேண்டாம்.

பிடிப்பகுதியில் மூன்று துளைகள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில். இருபுறமும் அதே இடங்களில் துளையிட்ட மரத்துண்டு வைத்து, எபாக்சி பசை தடவி, பித்தளைக் கம்பியைச் செருகி, 24 மணி நேரம் இறுக்கி வையுங்கள். பிறகு உப்புத்தாளால் உங்கள் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேயுங்கள். இதில் அவசரம் வேண்டாம். கை வலிக்கிற கத்தியை யாரும் இரண்டாம் முறை எடுப்பதில்லை.

கூர் போடுவது கடைசியில்தான், அதுவரை விரல்கள் பத்திரம். அலகைப் பலகையில் இறுக்கி, வெட்டும் ஓரத்தை அரத்தால் இருபுறமும் சரித்து, கால் மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து 400, பின் 1000 எண் தீட்டுக்கல் (எண் கூடக்கூடக் கல் மென்மை). கத்தியின் முதுகு கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்ந்திருந்தால் கோணம் 15 பாகை வந்துவிடும். மறுபுறம் மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்படும் வரை தீட்டிப் பக்கம் மாற்றுங்கள். பிசிர் முழுதும் உதிர்ந்ததும் நிறுத்துங்கள்.

இது துருப்பிடிக்கும் எஃகு. கழுவியவுடன் துடைத்து, ஒரு துளி சமையல் எண்ணெய் தடவுங்கள். எலுமிச்சை பட்டு அலகு சாம்பல் நிறமானால் கவலை வேண்டாம், அது துரு அல்ல.