பிளஸ் டூவில் சைக்காலஜியும் சோசியாலஜியும்: செவ்வாய்ப்பேட்டை மாடியிலிருந்து

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீடு. கீழே அப்பாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மேலே என் சைக்காலஜி (உளவியல்), சோசியாலஜி (சமூகவியல்) டியூஷன். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரம், "மிஸ், அந்தத் தட்டுற சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்" என்பார்கள். இரண்டாவது மாதம் பட்டறைக்கு லீவு விட்டால், "ஏன் மிஸ் இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்பதும் அவர்கள்தான்.

சேர்க்க வரும் பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்று. "ஏங்க, இதைப் படிச்சா பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற டாக்டர் ஆயிடுவாளா?" ஆக மாட்டாள். மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். வேண்டும். சைக்காலஜி பட்டமும் மேல்பட்டமும் முடித்து, அதற்கு மேல் தனிப் பயிற்சி எடுத்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நம்ம ஊர் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே சைக்காலஜி, சோசியாலஜி இரண்டு துறையும் இருக்கின்றன. இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் தெளிந்துவிடும்.

இனி பிள்ளைகளுக்கு. சி.பி.எஸ்.இ.யில் சைக்காலஜிக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. சோசியாலஜிக்கு எழுத்து 80, ப்ராஜெக்ட் 20. இரண்டும் ஆர்ட்ஸ் பாடம்தானே என்று ஒரே மாதிரி படிக்கிறார்கள், மார்க் போவது அங்கேதான். சைக்காலஜியில் நம் வீடும் தெருவும் ஞாபகம் வைத்துக்கொள்ள மட்டும். விடைத்தாளில் பாடத்தின் சொல்தான் நிற்க வேண்டும். சோசியாலஜியில் தெரு விடைத்தாளுக்கே வரலாம், ஆனால் கடைசி ஆளாக வர வேண்டும்.

முதலில் சைக்காலஜி. பதினொன்றாம் வகுப்பு ஞாபகப் பாடத்தில் 'மெத்தட் ஆஃப் லோசை' என்று ஒன்று வரும். நன்றாகத் தெரிந்த வழியில், வரிசையாக உள்ள இடங்களில் ஒவ்வொரு விஷயத்தை வைத்துவிட்டு வருவது. சேலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வழியை அரசாங்கமே போட்டுக் கொடுத்திருக்கிறது. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண். பன்னிரண்டில் ஃப்ராய்டின் தற்காப்பு உத்திகள் ஐந்தையும் நான் ஏற்காட்டு பஸ்ஸில்தான் ஏற்றி வைத்தேன்.

முதல் வளைவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதில் இதே இடத்தில் பஸ் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து அலறியவர். இப்போது கேட்டால் அப்படி ஒன்று நடந்த நினைவே இல்லை. இது ரிப்ரெஷன். இரண்டாவது வளைவில், உள்ளுக்குள் உதறிக்கொண்டிருக்கும் அண்ணன் பக்கத்துச் சீட்டுக்காரரைப் பார்த்து, "ஏங்க இப்படி பயப்படறீங்க?" என்கிறார். ப்ரொஜெக்‌ஷன். மூன்றாவதில் பாலித்தீன் கவரை வாய்க்கு நேராகப் பிடித்தபடி, "எனக்கெல்லாம் வாந்தியே வராது" என்கிறார் ஒரு அக்கா. டினையல். நாலாவதில் பயத்தில் வெளிறிப் போனவன், "இந்த வளைவுன்னா எனக்கு உயிர், இன்னொரு தடவை போலாமா?" என்கிறான். ரியாக்‌ஷன் ஃபார்மேஷன். ஐந்தாவதில் வாந்தி எடுத்து முடித்தவர், "காலையில தின்ன பூரி எண்ணெய் சரியில்ல" என்று நியாயம் சொல்கிறார். ரேஷனலைசேஷன்.

பஸ்ஸை விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். பதற்றத்தைக் குறைக்க, நமக்கே தெரியாமல் உண்மையைத் திரித்துக்கொள்வது என்ற விளக்கம் முதலில் வர வேண்டும். பிறகு ஐந்து பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. 'நமக்கே தெரியாமல்' என்பதை விட்டால் அந்த விடை பொய் சொல்வதைப் பற்றிய விடை ஆகிவிடும்.

தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுகிறவர்களுக்கு ஒரு நோட்டு போதும். பக்கத்தை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் கலைச்சொல் புத்தகத்தில் உள்ளபடி. வலப்பக்கம் அதையே பாட்டிக்குச் சொல்வது போலத் தமிழில். மன அழுத்தம் வந்தால் உடம்பு எப்படிப் போகும் என்று செல்யே சொன்ன மூன்று கட்டத்துக்கு ஒரு பெண் எழுதியிருந்தாள்: "திடுக்குனு ஆகும், தாங்கிப் பார்க்கும், ஓஞ்சு போயிரும்." அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

மனநலக் கோளாறுகள் பாடம் வந்ததும் வகுப்பே நோயாளி ஆகிவிடும். இரண்டு நாள் தூங்காதவளுக்கு டிப்ரெஷன், இரண்டு முறை கை கழுவியவனுக்கு ஓ.சி.டி. அறிகுறிப் பட்டியலோடு சேர்த்து எத்தனை நாள் நீடிக்கிறது, அன்றாட வேலையை எவ்வளவு கெடுக்கிறது என்பதையும் படித்தால் பாதி நோய் ஓடிவிடும். நிஜமாகவே மனம் சரியில்லை என்றால் பாடப் புத்தகத்தில் விடை தேட வேண்டாம். 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

செய்முறையில் கேஸ் ப்ரொஃபைல் (ஒருவரைப் பற்றிய விவரக் குறிப்பு) எழுதும்போது சம்மதம் வாங்குங்கள், பெயரை மாற்றுங்கள். நான் என் சித்தியைப் பற்றிப் பெயர், தெருவோடு எழுதிக் கொண்டுபோய், வைவா அன்று காலை மரத்தடியில் உட்கார்ந்து முழு ஃபைலையும் திரும்ப எழுதியவள். நண்பனுக்குப் பார்த்த டெஸ்ட் மதிப்பெண்ணை வகுப்பில் கத்திச் சொல்வதும் கூடாது.

சோசியாலஜியில் நான் பட்ட அடி வேறு. சாதி பற்றிய ஆறு மார்க் கேள்விக்கு எங்கள் தெருக் கல்யாணங்களை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு மார்க். பக்கத்தில் சிவப்பு மையில், "சிறுகதை நன்றாக இருக்கிறது." அன்று அழுதேன், இப்போது அதையே நானும் எழுதுகிறேன். கருத்து முதலில், அதைச் சொன்னவர் அடுத்து, புத்தகத்தின் உதாரணம் அதற்கடுத்து, நம் ஊர் கடைசியில் இரண்டே வரி.

அந்த இரண்டு வரிக்குச் சேலத்தில் பஞ்சமே இல்லை. மக்கள்தொகைப் பாடத்தில் பாலின விகிதம் வரும். 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கு. 2011-ல் இந்தியாவுக்கு 943. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 919. இரண்டு எண்ணையும் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு, பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான் என்பது தெரிவதில்லை. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ப்ராஜெக்ட்டுக்கு ஆகும்.

பழங்குடி பாடத்துக்கு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை. 'மலையாளி' என்றதும் கேரளா என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மலையாளிகள் சேர்வராயன் மலையில் வாழ்பவர்கள், பேசுவது தமிழ், பட்டியல் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. கும்பிடுவது சேர்வராயனை. மொழியும் சாமியும் கீழே உள்ளவர்களோடு இவ்வளவு கலந்திருந்தால் பழங்குடி, சாதி என்று எங்கே கோடு போடுவது? சமூகவியலாளர் கூர்யே பழங்குடிகளைப் பிற்பட்ட இந்துக்கள் என்றார், மானுடவியலாளர் எல்வின் அவர்களைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். இந்த விவாதத்தை மலையை வைத்து யோசித்தால் மறக்காது. காலனிய காலத்துக்கு மட்டும் எச்சரிக்கை: புத்தகம் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தைச் சொல்கிறது, அதை முழுதாக எழுதுங்கள். கலெக்டர் காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டுவந்தது ஒரு வரி போதும்.

வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்று ஒரு பகுதி உண்டு. லேஸ், ஜரிகை, கம்பளம், பீடி, ஊதுபத்தி என்று பட்டியல் போகும். கொலுசு இருக்காது. அதைப் படிக்கும் நாளில் மட்டும் பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிடுவேன். யார் வெள்ளி கொடுக்கிறார்கள், கூலி எதை வைத்துக் கணக்கு, வீட்டுப் பெண்கள் செய்யும் வேலைக்குத் தனிக் கூலி உண்டா என்று மூன்றே கேள்வி. மூன்றாவது கேள்விக்கு அப்பா இன்றுவரை நேராகப் பதில் சொன்னதில்லை.

புத்தகம் என்.சி.இ.ஆர்.டி. போதும், அவர்கள் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. பழைய கைடு வாங்கினால் இந்த ஆண்டுப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பிரியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு சைக்காலஜியில் ஒன்பது பாடத்தை ஏழாக்கிவிட்டார்கள். போன வருடம் அண்ணன் கைடோடு வந்த ஒரு பையன், எடுத்துவிட்ட பாடத்தை மூன்று நாள் உட்கார்ந்து படித்து என்னிடமே ஒப்பித்தான். ஒரு தப்பு இல்லை.