பள்ளி மானியத்துக்குக் கணக்கு கேட்பது எப்படி?

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். கணக்கு கேட்டால் எச்.எம். தப்பாக நினைப்பாரோ என்று தயங்கும் அம்மாக்களுக்கு நான் சொல்வது இதுதான்: மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் வேலையை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவே குழுவிடம் கொடுத்திருக்கிறது.

முதலில் எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது என்று பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். 251 முதல் 1,000 வரை என்றால் 75,000. குறைந்து வந்தால் உடனே யாரையும் திருடர் என்று சொல்லிவிடாதீர்கள். 2024-25இல் இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசே நிறுத்திவைத்தது.

அப்புறம் ஒரே ஒரு செலவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கணக்கையும் ஒரே நாளில் பார்க்க உட்கார்ந்தால் ஒன்றும் பிடிபடாது. நான் கழிப்பறையில்தான் தொடங்குவேன், ஏனென்றால் மானியத்தில் 10 சதவீதமாவது தூய்மைக்குப் போகவேண்டும். 50,000 வந்த பள்ளியில் அது 5,000 ரூபாய். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இருப்புப் பதிவேட்டைத் திறங்கள். பினாயில், வாளி, துடைப்பம் எல்லாம் எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டன? குழுவின் தீர்மானம் அதற்கு முன்பா, பின்பா? அடுத்து நேரே கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். பொருளுக்குப் பதில் வேலைக்கான பில் என்றால் (குழாய் மாற்றியது, வெள்ளையடித்தது) பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். கூட்டம் முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று வெற்றுத் தீர்மானப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘ஏன் ஊழல்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்த நிதியாண்டின் பள்ளி மானியப் பில்கள், இருப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கிடைத்ததைக் கிராம சபையில் வாசியுங்கள். உகாண்டாவில் 1990களின் முதல் பாதியில் மாணவர் மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளைச் சேர்ந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பிய தொகையைச் செய்தித்தாளில் அச்சிடத் தொடங்கிய பிறகு, 2001 வாக்கில் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. நமக்குச் செய்தித்தாள்கூட வேண்டாம், பள்ளிச் சுவரில் வரவு செலவை எழுதிவைக்கும்படி அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடலாம்.