செல்ஃப் எடுக்கவில்லையா, எடுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா?

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் கார் சும்மா நிற்கும். பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் "பேட்டரி போயிருக்கும், மாத்திடுங்க" என்பார். பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், அதுதான் சிக்கல். நானும் அப்படி நம்பி ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புது பேட்டரி போட்டு, நாலாவது நாள் அதே வாசலில் அதே மாதிரி நின்றவன். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். அது தெரிந்திருந்தால் அன்றைக்கு ஒரு வயருக்கான காசோடு முடிந்திருக்கும்.

தேவையான சாமான் அதிகம் இல்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர், ஜம்பர் கேபிள், ஒரு டார்ச். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மோதிரம், காப்பு, கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரிப் பக்கம் பீடி, சிகரெட் வேண்டாம், அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு.

முதல் வேலை: காதைத் தீட்டுங்கள்

பானெட்டைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் சுற்றுகிறதா இல்லையா? "ர்ரு-ர்ரு-ர்ரு" என்று சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது ஒரு வகை நோய். சுற்றவே இல்லை என்றால், அதாவது நம் ஊர்ப் பேச்சில் "செல்ஃப் எடுக்கல" என்றால், அது முற்றிலும் வேறு நோய். முதல் வகைக்குப் பெரும்பாலும் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் என்று தேட வேண்டும். இரண்டாவது வகைக்கு பேட்டரி, வயர், இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் செல்ஃப் எடுக்காத வண்டிக்கு ஸ்பார்க் பிளக் மாற்றுகிறார்கள்.

(செல்ஃப் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் காரின் மூக்கில் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்வார்கள், கம்பி திருப்பி அடித்துக் கை உடைந்தவர்கள் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 கேடிலாக் கார்களில் வந்தது. தானாகவே கிளப்பிக்கொள்வதால் அதற்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று பெயர். நாம் பின்பாதியை விட்டுவிட்டு செல்ஃபை மட்டும் வைத்துக்கொண்டோம்.)

செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

ஹெட்லைட்டைப் போட்டுச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். கூடவே சத்தத்தையும் கேளுங்கள்.

"டக டக டக டக" என்று வேகமாக அடித்து, வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரியில் வயர் மாட்டும் முனை) சரியாகப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு "டக்" கேட்டு, வெளிச்சம் அப்படியே பளிச்சென்று இருந்தால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். ஸ்டார்ட்டருக்கு உள்ளேயோ, அதற்குப் போகும் தடித்த வயரிலோ, எர்த்திலோ (பேட்டரி மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் வயர்) கரன்ட் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சத்தமே இல்லை, வெளிச்சமும் மாறவில்லை என்றால் சாவி கொடுக்கும் கட்டளையே ஸ்டார்ட்டரைப் போய்ச் சேரவில்லை.

மீட்டர் போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லையா? அப்போது வேறெங்கும் போகாமல் நேராக டெர்மினலைப் பாருங்கள். கையால் பிடித்துத் திருகினால் ஆடும் டெர்மினல் எத்தனையோ பேருக்கு டோயிங் செலவு வைத்திருக்கிறது.

பேட்டரியை அளப்பது

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் 12.6 வந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலிதான். ஆனால் இந்த ஒரு அளவை மட்டும் நம்பாதீர்கள், சும்மா இருக்கும்போது 12.5 காட்டிவிட்டு வேலை என்றதும் படுத்துவிடும் பேட்டரிகள் உண்டு. வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும் அந்த நொடியில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருஷம் உழைத்த பேட்டரி என்றால் அதைக் குறை சொல்லவும் முடியாது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். இது சாஸ்திரம் இல்லை, காரணம் இருக்கிறது: காரின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருப்பதால், மைனஸைக் கழற்றாமல் பிளஸ்ஸைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பூப்பு நுரைத்துக்கொண்டு போய்விடும். நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டி முறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

இன்னொரு வண்டியிலிருந்து கரன்ட் எடுப்பது

சிவப்பு கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்பில் கவ்வ விடுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி வரும், அது பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. உதவ வந்த வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, பிறகு உங்கள் சாவியைத் திருப்புங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசை. மலிவாகக் கிடைக்கும் மெல்லிசு கேபிளை வாங்காதீர்கள். ஒரு சின்ன பெட்ரோல் காரின் செல்ஃபே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தக் கேபிள் சூடாவதைத் தவிர வேறெதையும் செய்யாது.

வண்டி ஓடத் தொடங்கியதும் மறுபடி அளந்தால் 13.5-இலிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால், ஓடும் இன்ஜினிலிருந்து கரன்ட் எடுத்துத் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, புது பேட்டரி போட்டாலும் அது இரண்டு நாளில் இறங்கிவிடும். ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றி "ஆஃப் ஆகல, ஆல்டர்னேட்டர் நல்லாருக்கு" என்று சொல்லும் பழைய வைத்தியத்தை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். கார்புரேட்டர் காலத்தோடு அது போச்சு, இப்போது ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், எரிந்து போகலாம்.

என் ஐயாயிரம் ரூபாய் போன கதை

ஒரே "டக்". ஹெட்லைட் பளிச். மேலே எழுதிய பட்டியல் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கடைக்காரர் மீட்டர்கூட வைக்காமல் பேட்டரி வீக் என்றார், மாற்றினேன். தற்செயலாக அன்று எடுத்துக்கொண்டது, நாலாம் நாள் மறுபடி "டக்". அப்புறம் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். எதையும் கழற்றவில்லை. என் ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினைத் தூக்குவதற்கு இருக்கும் இரும்புக் கொக்கியிலும் மாட்டிவிட்டு "அடிங்க தம்பி" என்றார். வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது.

பேட்டரித் தட்டுக்கு அடியில் இன்ஜினுக்குப் போகும் எர்த் வயரை டார்ச் அடித்துக் காட்டினார். வெளித்தோல் நன்றாகத்தான் இருந்தது. முனையில் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. பிளேடால் கீறினால் உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. நாலைந்து இழை மட்டும் மிச்சம். விளக்கு எரிய அந்த இழைகள்கூடத் தேவையில்லை, அதற்கு வேறு எர்த். நூறு ஆம்பியரை அவை எப்படித் தாங்கும்?

இதை மீட்டரிலும் பிடிக்கலாம். ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று இன்ஜினின் வெறும் இரும்பில். ஒருவர் செல்ஃப் அடிக்க, அளவு 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அங்கேதான். அதேபோல் பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே அளந்தால் 0.5-க்குள் வர வேண்டும்.

வயர்கள் எல்லாம் சரி, இன்னும் "டக்" மட்டும்தான் என்றால் ஸ்டார்ட்டருக்கு உள்ளே சோலனாய்டு (மோட்டாருக்குக் கரன்ட்டை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) முனைகளோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும். வீல் ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஸ்டார்ட்டர் உடம்பில் லேசாகத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினால் பல முறை எடுத்துக்கொள்ளும். வீடு போய்ச் சேர அது போதும். ஓங்கி அடிக்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கும் வகையாக இருந்தால் உடைந்துவிடும்.

சத்தமே இல்லாத வண்டிக்கு

ஆட்டோமேட்டிக் கார் என்றால் பி-யிலிருந்து என்-க்கு மாற்றி ஒருமுறை பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட் சாவியின் செல் தீர்ந்திருக்கலாம், பல கார்களில் சாவியையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும். க்ளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் கார்களில், ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட மிதியடி பெடலை முழுசாக இறங்கவிடாமல் தடுத்து ஆளை ஏமாற்றும். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன். அடுத்து ப்யூஸ் பெட்டி. அதில் ரிலே என்ற சின்ன மின்சார சுவிட்சுகளும் இருக்கும். ஸ்டார்ட்டர் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே நம்பராக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

மேனுவல் கியர் வண்டியென்றால் தள்ளியும் கிளப்பலாம்: சாவி ஆனில், இரண்டாம் கியர், க்ளட்ச் மிதித்தபடி இருக்க இரண்டு பேர் தள்ளி, ஓரளவு வேகம் வந்ததும் க்ளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இது வேலைக்கு ஆகாது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

விடாமல் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பத்து நொடிக்கு மேல் அடித்தால் ஸ்டார்ட்டர் சூடாகும், ஒவ்வொரு முறையும் அரை நிமிஷமாவது இடைவெளி விடுங்கள்.

மீட்டர் போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் விடாமல் மின்னுகிறதா? வண்டி திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வீட்டிலிருக்கும் இன்னொரு சாவியைக் கொண்டுவாருங்கள்.

அடுத்து பெட்ரோல். மீட்டர் முள்ளை முழுசாக நம்ப வேண்டாம். சிஎன்ஜி வண்டி என்றால் பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு ஏசி ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பச் சொல்லி, பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். "ம்ம்ம்" என்று இரண்டு நொடி முனகல் கேட்டால் பெட்ரோல் பம்ப் உயிரோடு இருக்கிறது. கேட்கவில்லை என்றால் பம்ப்பின் ப்யூஸ், ரிலே, வயர், கடைசியில்தான் பம்ப். வயரைப் பார்க்கும்போது எலி கடித்த தடத்தையும் தேடுங்கள், ஒரு வாரம் நிறுத்திவைத்த காரில் அது முதல் சந்தேகம்.

பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தால் உள்ளே அதிகமாக இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சில நொடி செல்ஃப் அடியுங்கள், பல இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது பெட்ரோல் வெட்டப்பட்டுக் காற்று மட்டும் போகும்.

பம்ப் சத்தமும் வந்து, எதுவும் நடக்கவில்லை என்றால் ஈசியு பதிந்துவைத்த கோளாறு நம்பரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பார்ப்பது நல்லது. பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் ஈசியு ஸ்பார்க்கும் தராது, பெட்ரோலும் தராது. டீசல் வண்டியில் ஃபில்டரில் தண்ணீர், லைனில் காற்று இரண்டையும் பாருங்கள்.

கையை எடுத்துவிட வேண்டிய இடங்கள்

இரண்டு இருக்கின்றன. ஒன்று, செல்ஃப் சுற்றும்போது வழக்கமான "ர்ரு-ர்ரு" தாளம் இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக "விர்ர்ர்ர்" என்று வழுக்கிக்கொண்டு போனால். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் அடித்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் மோதும்.

இன்னொன்று, தண்ணீருக்குள் நின்ற வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களைத் தண்ணீர் வடிந்ததும் "ஓடுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருப்பினார்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைக் காற்றுபோல அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். சாவியைத் தொடாமல் மைனஸைக் கழற்றிவிட்டு, நடந்ததை இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மற்றபடி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டி வந்தால் "வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு மறுபடி கடைக்குப் போவார். "செல்ஃப் நல்லா சுத்துது, பம்ப் சத்தம் வரல, ப்யூஸ் பாத்தாச்சு" என்று சொல்லிப் பாருங்கள், வரும்போதே ரிலேயும் டெஸ்ட் லைட்டும் கையில் இருக்கும்.