ஸீப்ரா மீனைக் கொண்டு பாக்கின்சன் நோயை ஆராயும் முறை

நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் கிடைத்ததும், யாழ்ப்பாணத்தில் இவ்வாய்வைத் தொடங்கும் மாணவர் முதலில் கவனிக்க வேண்டியது, மீனில் அந்நோயை ஒத்த நிலையை உண்டாக்க இடும் நஞ்சையன்று, நீரையே. சுண்ணாம்புக்கற் படுகையிலிருந்து இறைக்கும் எமது கிணற்றுநீர் வன்மை மிகுந்தது. தோட்டப் பகுதிகளில் நைத்திரேற்றும் கூடுதல். ஆகவே காய்ச்சி வடித்த நீரில் லீற்றருக்கு 60 மில்லிகிராம் கடலுப்பைக் கரைத்து, 28.5 பாகை செல்சியசில் முட்டைகளை வைத்திருங்கள்.

மாலையில் ஆணையும் பெண்ணையும் நடுவே தடுப்பு வைத்து ஒரே தொட்டியில் விட்டு, காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்துவிட்டால் அவை முட்டையிடும். அடியில் சிறுவர் விளையாடும் போளைகளைப் பரப்பி வைப்பது மலிவான உபாயம். இடுக்குகளில் விழுந்த முட்டைகளைப் பெற்ற மீன்களே தின்றுவிட முடியாது. பால்போல் வெளுத்தவை இறந்தவை. அவற்றை உடனே குழாயியால் அகற்றிவிடுங்கள்.

பாக்கின்சன் நோயில், அசைவுக்கு வேண்டிய டொபமீன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் மூளையில் அழிகின்றன. அவற்றைத் தாக்கும் நஞ்சுகளுள் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் நன்கு அறியப்பட்டது. 1982இல் கலிபோர்னியாவில் அது கலந்த போதைமருந்தை ஏற்றிக்கொண்ட சிலர் அசைய முடியாமல் விறைத்துப்போனதால்தான் அதன் குணம் வெளிப்பட்டது. மூளையிலுள்ள மொனோஅமைன் ஒக்சிடேசு நொதியம் அதனை மாற்ற, மாறிய பொருள் டொபமீன் நரம்புக்கலங்களுள் புகுந்து இழைமணிகளின் சக்தி உற்பத்தியைத் தடுக்கிறது. மனிதருக்கும் அதே கதி நேருமாகையால், காற்றை வெளியே இழுக்கும் அடைப்பும் கையுறையும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரும் இன்றி அதனைத் தொடவே கூடாது. ரொட்டினோனும் இழைமணியையே தாக்கும். ஆனால் அது மீன் பிடிக்க ஆற்றில் கலக்கப்பட்டுவந்த வேர்நஞ்சு என்பதால், அளவு சற்று மிஞ்சினாலும் உங்களுக்கு மிஞ்சுவது செத்த மீன்கள்தாம்.

கருக்கட்டி ஐந்தாம் நாளில் 96 குழிகள் கொண்ட தட்டில் குழிக்கொன்றாகக் குடம்பிகளை இட்டு, வெளிச்சத்தையும் இருளையும் மாற்றி மாற்றி வழங்கி, அவை நீந்தும் தூரத்தைக் கமராவால் அளவிடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நஞ்சூட்டிய குடம்பி மெதுவாக நீந்துவது டொபமீன் குறைவாலா, உடலே நலிந்ததாலா என்பதை வேகம் மட்டும் சொல்லாது. இதயத் துடிப்பையும் காற்றுப்பை நிரம்பியிருப்பதையும் பாருங்கள். நஞ்சின்றி, அதனைக் கரைக்கும் கரைப்பான் மட்டும் இட்ட குழுவை ஒப்பீட்டுக்காக உடன் வையுங்கள். மூளையில் டொபமீனாக மாறும் மருந்தான லெவோடோப்பா கொடுத்தால் நீச்சல் மீள்கிறதா எனச் சோதியுங்கள். பிறகு, டொபமீன் ஆக்கத்துக்கு வேண்டிய நொதியமான தைரோசின் ஐதரொக்சிலேசுக்கான பிறபொருளெதிரியால் சாயமூட்டி நரம்புக்கலங்களை எண்ணலாம். எலியில்போல் நடுமூளையில் தேடினால் ஏமாற்றமே. இம்மீனில் அவற்றுக்கு ஒப்பான கலங்கள் இடைமூளையின் அடிப்பகுதியில் உள்ளன.

பாக்கின்சன் நோயாளரின் மூளையில் திரளும் அல்பா-சைனூக்கிளீன் புரதம் இம்மீனில் இல்லாததால், அப்புரதம் திரள்வது பற்றிய கேள்விகளுக்கு மனிதப் பரம்பரையலகைப் புகுத்திய மீன்களே உதவும். மேலும், இழந்த நரம்புக்கலங்களை இது மீள உருவாக்கக்கூடியது. ஆதலால் ஒரு குழுவை ஐந்தாம் நாளிலும் மற்றொன்றை எட்டாம் நாளிலும் எண்ணி ஒப்பிடாதீர்கள்.