பசி ஒரு சுவிட்ச் அல்ல: மூளை வேதியியலைத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

பசித்திருக்கும் எலியின் முன் உணவை வைத்ததும், அது ஒரு வாய் தின்பதற்கு முன்னரே, அதன் மூளையில் பசியைக் கிளப்பும் நரம்பணுக்கள் அடங்கத் தொடங்கிவிடுகின்றன. 2015இல் வெளியான இந்த முடிவு வியப்பானது. ஏனென்றால் 2011இல்தான் அதே அணுக்களை ஒளியால் தூண்டி, வயிறு நிறைந்த எலியைக்கூடச் சில நிமிடங்களில் ஆவேசமாகத் தின்னவைத்திருந்தார்கள். தூண்டினால் தின்னவைக்கும் அணுக்கள், உண்மையான உணவைக் கண்டதுமே ஓய்ந்துவிடுகின்றன. அதாவது அவை வயிற்றின் நிலையை மட்டும் கேட்பதில்லை. இனி வரப்போவதையும் கணிக்கின்றன.

பசியை ஆளும் சமிக்ஞைகள் வெவ்வேறு வேகங்களில் ஓடுகின்றன. கண்ணும் மூக்கும் தரும் முன்னறிவிப்பு நொடிகளில் வருகிறது, குடல் அனுப்பும் செய்தி நிமிடங்களில். இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் மணிக்கணக்கில் ஏறி இறங்குகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனுக்கு நாட்களும் வாரங்களும் கணக்கு. பசி விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, ஒரு வேகத்தில் ஓடுவதை இன்னொரு வேகத்தில் எதிர்பார்ப்பதால் வருபவை.

‘பசி மையம், நிறைவு மையம்’ என்ற பழைய படம்

1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலியின் மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் நடுப்பகுதியைச் சிதைத்தபோது எலி அளவின்றிப் பருத்தது. 1951இல் பி.கே. ஆனந்தும் ஜான் புரோபெக்கும் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தபோது எலி உணவையே தொடவில்லை. அன்றிலிருந்து ஒன்று பசி மையம், மற்றது நிறைவு மையம் என்று பாடநூல்கள் எழுதிவந்தன. ஆனால் ஓர் இடத்தைச் சிதைத்தால் அதன் வழியே கடந்துபோகும் நரம்பிழைகளும் அறுபடும். பக்கவாட்டுச் சிதைவில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் இழைகளும் சேர்ந்தே போயின.

இன்றைய படம் வேறு. ஹைப்போதலாமஸின் அடியிலுள்ள வில்வடிவக் கருவில் எதிரெதிரான இரண்டு வகை அணுக்கள் இருக்கின்றன. ஏஜிஆர்பி அணுக்கள் உண்ணத் தூண்டுகின்றன (தொடக்கத்தில் பார்த்தவை இவைதான்), பிஓஎம்சி அணுக்கள் தடுக்கின்றன. பிஓஎம்சி அணுக்கள் வெளியிடும் ஆல்ஃபா-எம்எஸ்ஹெச் என்ற பொருள், எம்சி4ஆர் என்ற ஏற்பியை (அணுவின் மேல் சமிக்ஞையை வாங்கும் புரதம்) திறந்து ‘போதும்’ என்கிறது. மற்ற அணுக்கள் வெளியிடும் ஏஜிஆர்பி என்ற பொருள் அதே ஏற்பியில் போய் அடைத்துக்கொள்கிறது. பூட்டு ஒன்றுதான், ஒன்று சாவி, மற்றது பூட்டுத் துளையில் திணித்த மெழுகு. இந்த ஏற்பியின் மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் சிறுவயதிலேயே தணியாத பசியோடு பருமனாகிறார்கள். ஒற்றை மரபணுவால் வரும் உடல்பருமனில் அதிகம் காணப்படுவது இதுதான்.

லெப்டினை ‘வயிறு நிறைந்தது’ என்று சொல்லும் ஹார்மோனாக நினைப்பது

இந்தத் தவறுக்குத்தான் விலை அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

லெப்டின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே டக்ளஸ் கோல்மன் அதன் நிழலைப் பார்த்துவிட்டார். பருமனான இரண்டு வகை எலிகளைச் சாதாரண எலிகளோடு ரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்துத் தைத்தார். முதல் வகை, இணைத்ததும் குறைவாகத் தின்று மெலிந்தது. அதற்கு ஏதோ ஒரு பொருள் உடம்பில் இல்லை, துணை எலியிடமிருந்து கிடைத்துவிட்டது. இரண்டாம் வகையோடு இணைத்த சாதாரண எலியோ தின்ன மறுத்துப் பட்டினியில் செத்தது. இரண்டாம் வகையிடம் அந்தப் பொருள் ஏராளமாக இருந்தது, கேட்கும் காதுதான் இல்லை. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அந்தப் பொருளின் மரபணுவைப் பிடித்தது. அதுதான் லெப்டின்.

உடனே எல்லோரும் எதிர்பார்த்தது மெலியவைக்கும் ஊசியை. பிறவியிலேயே லெப்டின் இல்லாத அரிதான குழந்தைகளுக்கு அது அற்புதமாக வேலை செய்தது. மற்றவர்களிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொழுப்பு அதிகமுள்ளவரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகம். மேலும் ஊற்றினால் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை.

லெப்டினின் முக்கிய வேலை, கூடும்போது தடுப்பது அல்ல, குறையும்போது அலறுவது. சாப்பாட்டைக் கடுமையாக வெட்டினால், கொழுப்பு கண்ணுக்குத் தெரியக் குறைவதற்கு முன்பே, ஓரிரு நாட்களில் லெப்டின் சரிகிறது. ஏஜிஆர்பி அணுக்கள் கிளர்ந்தெழுகின்றன, உடல் செலவழிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவால் எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மூன்றாம் மாதம் திடீரெனப் பசி பெருகினால் அதை மன உறுதியின் தோல்வி என்று படிப்பது தவறு. எதிர்பார்க்க வேண்டிய உடலியல் அது.

நடைமுறையில், நாளுக்கு 500 கலோரி அளவுக்கான குறைப்பே பெரும்பாலோருக்குத் தாங்கும். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் எடுத்தால் தசையும் காக்கப்படும், பசியும் சற்று அடங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே வைத்துக்கொள்ள வேண்டும். எடை இறங்கியபின் அதைத் தக்கவைக்கும் காலத்தையும் முதலிலேயே திட்டமிட வேண்டும். அது மாதங்களில் அல்ல, ஆண்டுகளில்.

பசி விடாமல் ஏறிக்கொண்டே போகும் என்று பயப்படுவது

1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த கிரெலின், வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குச் சற்றுமுன் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. அந்த நேரத்தில் சாப்பிடாவிட்டாலும் அது தானாகவே இறங்கிவிடும் என்பதுதான் பலர் அறியாதது. பட்டினி கிடந்தவர்களை அளந்தபோதும் அவரவர் பழகிய நேரங்களில் ஏறித் தணிந்திருக்கிறது. எனவே சாப்பாட்டு நேரத்தை மாற்றும்போது முதல் சில நாட்கள் வரும் பசி, பழைய கால அட்டவணையின் எதிரொலி. நாளுக்கொரு நேரம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் இந்த அட்டவணை படியவே படியாது.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது லெப்டின் 18 சதவீதம் குறைந்து கிரெலின் 28 சதவீதம் கூடியது என்ற 2004 ஆய்வை எங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் இருந்தவர்கள் 12 இளைஞர்கள் மட்டுமே. பின்னர் வந்த ஆய்வுகளில் ஹார்மோன் மாற்றம் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. தூக்கம் குறைந்தவர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. தூங்குங்கள், ஆனால் அந்தச் சதவீதங்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடலுக்கு அவகாசம் தராமல் சாப்பிடுவது

சிறுகுடலுக்குள் கொழுப்பும் புரதமும் இறங்கும்போது கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. இன்னும் கீழே போனபின் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற குடல் ஹார்மோன்கள் இரண்டும் சேர்கின்றன. இது முழுதாக உணரப்பட 15 முதல் 20 நிமிடம் ஆகும். 7 நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பவருக்கு ‘போதும்’ என்ற செய்தி கை கழுவிய பிறகுதான் வந்து சேரும்.

2019இல் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு என்று மாற்றித் தந்து, வேண்டியமட்டும் சாப்பிடச் சொன்னார்கள். முதல் வகையில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது. சாப்பிட்ட வேகமும் கூடுதல். மென்மையான, மெல்லத் தேவையில்லாத உணவு குடலின் கடிகாரத்தை முந்திவிடுகிறது. இதற்குச் செய்யக்கூடியது எளிது. தட்டில் முதலில் புரதமும் நார்ச்சத்தும், இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளும் முன் 15 நிமிட இடைவெளி. கலோரியைக் குடிக்காமல் மென்று சாப்பிடுவதும் உதவும்.

டோபமினை ‘இன்ப ரசாயனம்’ என்பது

டோபமின் அறவே சுரக்காதபடி உருவாக்கிய எலிகள், உணவு அருகிலேயே இருந்தும் பட்டினியில் சாகின்றன. அதே சமயம், டோபமினை அழித்த எலியின் நாக்கில் இனிப்பு நீரைச் சொட்டினால், சுவைத்து மகிழும் முகபாவம் அப்படியே இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் கெண்ட் பெரிட்ஜ் இதிலிருந்து வகுத்த வேறுபாடு தமிழில் இரண்டே சொல்லில் அடங்கும்: ‘பிடிக்கும்’ வேறு, ‘வேண்டும்’ வேறு. டோபமின் ‘வேண்டும்’ பக்கம். பிடிக்கும் உணர்வில் மூளையே சுரக்கும், அபின் போன்ற ஓபியாய்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகவே இன்பம் தருபவற்றை ஒதுக்கி டோபமினை இறக்கும் ‘டோபமின் விரதம்’ என்பதில் பொருளில்லை. டோபமினை யாரும் விரதம் இருந்து இறக்க முடியாது. ‘வேண்டும்’ என்பதைக் கிளப்புவது பெரும்பாலும் அறிகுறிகள்தாம்: கண்ணில் படும் டப்பா, பொட்டலம் பிரியும் ஓசை, திரையில் ஓடும் விளம்பரம். மேசையிலிருந்து அலமாரிக்குள் வைத்து மூடுவது, மனத்தோடு மல்லுக்கட்டுவதைவிடப் பலன் தரும்.

செரட்டோனினை மாத்திரையால் ஏற்றப் பார்ப்பது

உடலின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில் இருக்கிறது. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் நுழைவதை வடிகட்டும் ரத்த-மூளைத் தடையைத் தாண்டாது. மூளைக்குள் அது பசியைக் குறைப்பது உண்மைதான். ஆனால் அந்த வழியைப் பிடித்த ஃபென்ஃபுளூரமின் என்ற மருந்து இதய வால்வுகளையும் பாதித்ததால் 1997இல் எடைக்குறைப்புச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. வேறொரு வழியில், கஞ்சாவின் வேதிப்பொருள் செயல்படும் கன்னபினாய்டு ஏற்பியை அடைத்த ரிமொனபன்ட் என்ற மருந்து, 2006இல் ஐரோப்பாவில் வந்து, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் காரணமாக 2008இல் விற்பனை நிறுத்தப்பட்டது. பசியின் ரசாயனங்கள் பசிக்காக மட்டும் படைக்கப்பட்டவை அல்ல.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஒலன்சபின், மிர்டசபின் போன்ற மனநல மருந்துகள் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை அடைப்பதால் பசி எகிறும். தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே வாரம் ஒருமுறை எடை பாருங்கள். கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

ஜிஎல்பி-1 ஊசியில் அவசரம்

உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1க்கு ஆயுள் சுமார் 2 நிமிடம். அதைப் போலச் செயல்படும் செமக்ளூடைடு என்ற ஊசி மருந்து அதே ஏற்பியில் ஒரு வாரக் கணக்கில் தங்கும்படி செய்யப்பட்டது. எடைக்குறைப்புக்கான வாராந்திர ஊசியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, 4 வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏற்றி 2.4க்குக் கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு: மூளைத்தண்டில் குமட்டலை உண்டாக்கும் பகுதியும் இதே ஏற்பிகளைக் கொண்டது, அது பழக அவகாசம் வேண்டும். படிகளைத் தாவினால் வாந்தி வரும், நீரிழப்பு வரும், கடைசியில் சிகிச்சையையே கைவிட நேரும். எடை குறைந்ததும் நிறுத்திவிடுவது அடுத்த தவறு. 68 வார ஆய்வில் சராசரியாக 15 சதவீதம் எடை இழந்தவர்கள், நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள்.

கடைசியாக, இந்தக் குறிப்புகளுக்குள் அடங்காத பசி. நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும். பல வாரங்களாகப் பசியே இல்லாவிட்டாலும் பரிசோதனை தேவை. 5 வயதுக்குள் ஒரு குழந்தை தணியாத பசியோடு வேகமாகப் பருத்தால், வளர்ப்பைக் குறை சொல்வதற்கு முன் மரபணுப் பரிசோதனை கேட்க வேண்டும். பிஓஎம்சி, லெப்டின் ஏற்பி ஆகியவற்றின் மரபணுப் பழுதுகளுக்கு 2020இலிருந்து செட்மெலனோடைடு என்ற மருந்து இருக்கிறது. அது திறப்பது அதே எம்சி4ஆர் பூட்டைத்தான்.